வீராயிக்கு யார் கை குடுக்கறது

அந்த மூட்டையைச் சித்தெ அக்கட்ட தள்ளுங்க தம்பி. ஆளு உக்கார்ற எடத்துல மூட்டை உக்காந்திருந்தா ஆளு எங்கீங்க போறது? போதும், போதும். கோயமுத்தூரு வரைக்கும் நின்னுட்டே போக என்ர முட்டி ஒத்துக்காது.

என்ன, பனியனுங்களா? திருப்பூர்ல இருந்து வேறென்னத்தத் தூக்கிட்டுப் போகப்போறீங்க. ஒண்ணக் குடுங்க, பாக்கறேன். திருடிக்க மாட்டேனுங்க. தையல் லைன்ல சூப்பர்வைசரு நானு. இருவது வருசமா இதைத்தான் பாத்துட்டிருக்கறேன். இங்க பாருங்க, தோள்பட்டையில தையல் எப்படி ஓடியிருக்குதுன்னு. குடிகாரன் ஊட்டுக்குப் போற மாதிரி. ரெண்டு தண்ணி தாங்காதுங்க இது. உங்களை நல்லா ஏமாத்திப்போட்டாங்க.

சித்தெ இருங்க. நெஞ்சுல போட்டிருக்கற இந்தப் படம் கேப்டன் வேராதானுங்க? எஃகுக்கோட்டை கேம்ல வர்றவ? ஆமா, பொறகால அவ மெஷினு நிக்குதே.

நீங்க அந்த கேம் கம்பெனியா? பீளமேட்டு மண்டபத்துல இன்னைக்கு பைனலு, அதுக்குக் குடுக்கற பனியனுங்களா இது? சரி, கம்பெனியில என்ன வேலை பாக்கறீங்க? படம் வரையறதா? இல்லையா? யாருக்கு என்ன ஸ்கில்லு, எவ்வளவு சக்தின்னு முடிவு பண்ற டீமா?

ரைட்டுங்க. அவினாசியில எறங்கிராதீங்க. உங்களைத்தான் நாலு மாசமாத் தேடிட்டிருக்கறேன். பயப்படாதீங்க, அடிக்க மாட்டேன். அடிக்கறவனா இருந்தா மூட்டையைத் தள்ளச் சொல்லிக் கேட்டிருப்பனா?

என்ர பேரு சென்னியப்பன். எங்க யூனிட்ல வேராங்கற பேரு யாரு வாயிலயும் நொழையலீங்க. வீராயின்னுதான் கூப்பிடுவோம். அவ ஏறி ஓட்டற மெஷினு எங்களுக்குப் பொக்லைனு. உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான். ஆனா தெரிஞ்சிருந்தும் கெடுத்தீங்க பாருங்க, அதனால மொதல்ல இருந்து சொல்றேன், கேளுங்க.

அஞ்சு பேரு இந்தப் பக்கம், அஞ்சு பேரு அந்தப் பக்கம். எவன் கோட்டை மொதல்ல ஒடையுதோ அவன் தோத்தான். வீராயி பொக்லைன்ல ஏறி நேரா நடுவால போவா. அடி வாங்கி பொக்லைன் ஒடஞ்சா வெளிய குதிச்சிருவா, கையில ஒரு சின்னத் துப்பாக்கி. அதை வச்சுட்டு ஓடி ஒளிஞ்சு சாகாமத் தாக்குப்புடிச்சான்னா, வானத்துல இருந்து புதுப் பொக்லைன் தொப்புன்னு வந்து எறங்கும். ஏறி மறுக்கா அடிக்க வேண்டியதுதான். யாரு தயவும் வேண்டாம். தன் கையே தனக்கு உதவி. அதுக்காகத்தானுங்க அவளை எடுத்தேன். மூணு வருசம் வேற யாரையும் நான் தொட்டதில்ல. அவளையும் வேற யாரையும் தொட விட்டதில்ல.

நீங்க என்ன பண்ணுனீங்க? ஒருநா டீக்கடையில உக்காந்து அப்டேட் போட்டுத் தொறக்கறேன். வானத்துல இருந்து இனிமே எதுவும் வராதாம். பொக்லைன் எங்க விழுந்துச்சோ அங்கயே கெடக்குமாம். டீம்ல ஒருத்தரு வந்து பக்கத்துல நின்னு கை குடுத்தாத்தான் எந்திரிக்குமாம். எந்திரிச்சா பழசை விடப் பலம் எச்சாம். எனக்கு எதுக்குங்க அந்தப் பலம்? பிச்சை எடுத்துத் திங்கற பிரியாணி எனக்கு வேண்டாம்.

என்ன சொல்றீங்க? கணக்குப் பாத்தீங்களா? வீராயியை எடுக்கறவனோட சேந்து ஆடறவங்கதான் எச்சா கேமை விட்டுட்டுப் போனாங்களா? வெறுத்துப்போயி?

அது மெட்ராஸ் பக்கம் இருக்குமுங்க. எங்க டீம்ல அப்படி யாரும் போகல. ஒருத்தன் போனான், அவன் சொந்த ஊருக்கே போயிட்டான். அங்க வேற டீம்ல ஆடறானாம், அது வேற கதை. ஒரு புள்ளை போச்சு, அதுக்குக் கண்ணாலம். இப்ப புருசனோட சேந்து தெனமும் ஆடுதாம். ஆடட்டும், யாரு வேண்டாம்னது. வெறுத்துப்போயி யாரும் போகலீங்க. அப்படிப் போனது நான் ஒருத்தன்தான். அதுவும் உங்களாலதான்.

அவினாசி வந்துருச்சு. ஏறுங்க, ஏறுங்க. எங்க தலைமேல ஏறி நில்லுங்க. இந்த ரூட்ல மட்டும் பஸ்ஸு எச்சா உடவே மாட்டானுங்க.

எங்க விட்டேன்? டீமு. எங்க யூனிட்டு ஆளுகதான் அஞ்சு பேரும். என்ர சம்சாரத்தோட தம்பி மயில்சாமி, கட்டிங்ல இருக்கறான். சரசுன்னு ஒரு அம்மிணி, ஓவர்லாக் தைக்குது. ஜெயபாலு செக்கிங்கு. அயர்ன் மாஸ்டரு ஒருத்தரு, வாயே தொறக்க மாட்டாரு. இதுபோக, ஆளு கொறஞ்சா உக்கார வைக்க பேக்கிங் பையன் ஒருத்தன் பேரையும் குடுத்து வச்சிருந்தோம். நான் கேப்டன். சேத்தது நானு, பழக்குனது நானு, திட்டுனதும் நானு. திட்டாமப் பழக்க முடியுங்களா?

லைன்ல நான் ஒரு ரூல் போட்டிருக்கறேன். நூலு அறுந்தா அவங்கவங்கதான் கோத்துக்கோணும். பக்கத்து மெஷின்காரி எந்திரிச்சு வந்து உதவி பண்றதுங்கற பேச்சே கெடையாது. ஏன்னு கேளுங்க. ஒருத்தி நூலு அறுந்து நின்னா ஒரு மெஷினு நிக்குது. இன்னொருத்தி எந்திரிச்சு வந்தா ரெண்டு மெஷினு நிக்குது. ஆறுதல் சொல்ல மூணாவது ஒருத்தி வருவா. அப்புறம் லைனே நின்னு போகும். அதனால, உன்ர மெஷினைப் பாரு. அவ்வளவுதான் என்ர ரூலு. சரசு ஒரு தடவை பக்கத்துல ஒருத்திக்கு ஊசி மாத்திக் குடுக்க எந்திரிச்சுது. எல்லாரு முன்னாலயும் வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். அழுதுட்டே தெச்சுது. ஆனா அன்னைக்கு எண்ணிக்கை கொறையல பாருங்க.

அதே ரூலுதான் கேம்லயும். நான் விழுந்தா எவனும் வரக்கூடாது. உன்ர எடத்துல நீ நில்லு. வானத்துல இருந்து எனக்குப் பொக்லைன் வரும், நான் பாத்துக்கறேன். மூணு வருசம் இப்படித்தான் ஆடுனோம், திருப்பூர்ல எங்களை அடிக்க ஆளில்ல. எங்களைன்னா, என்னையன்னுதான் சொல்லோணும். மத்தவங்க நின்னாங்க, நான் ஆடுனேன்.

அப்டேட் வந்ததுக்கப்புறம் ரூலை மாத்தச் சொல்லி மயில்சாமி சொன்னான். "மாமா, இனி நீங்க விழுந்தா நாங்க வரோணுமுங்க. ஒருக்காப் பழகிப் பாத்துரலாம்"ன்னான். நேத்து மொளச்சவன் எனக்குச் சொல்லித் தர்றான். "நான் விழவே மாட்டேன், பழகறதுக்கு என்ன இருக்குது"ன்னு சொல்லிப்போட்டேன்.

ஆமாங்க, விழுந்தேன். சிரிக்காதீங்க.

பைனலுக்குப் போற மேட்ச்சு அது. செயிச்சா பீளமேடு, தோத்தா ஊட்டுக்கு. அவிங்க கோட்டை வாசலு வரைக்கும் போயிட்டேன். இன்னும் நாலு அடி அடிச்சா முடிஞ்சுது. அஞ்சு பேரும் ஒண்ணாச் சேந்து என்மேல விழுந்தானுங்க. பொக்லைன் குப்புறக் கவுந்துது. வெளிய குதிச்சு ஒரு பாறைக்குப் பொறகால பதுங்கிட்டேன். வானத்தைப் பாக்கறேன். பழக்க தோசம். வெறும் வானம்.

சரசு பக்கத்துலதான் நின்னுட்டிருந்துது. கூப்படற தூரம். எல்லாரு காதுலயும் ஹெட்செட்டு மாட்டியிருக்குது, மூச்சு விட்டாக்கூடக் கேக்கும். அந்த அம்மிணி கேட்டுது, "அண்ணா, வரட்டுங்களா?"ன்னு. நான் என்ன சொன்னேன்? "உன்ர எடத்தைப் பாரு"ன்னேன். எப்பவும் சொல்றதுதானுங்களே. அதுக்காக வராம நின்னுக்குவாங்களா?

நிக்கறாங்க தம்பி. நாலு பேரும் நிக்கறாங்க. அவங்கவங்க எடத்துல, ஆணி அடிச்ச மாதிரி. பொக்லைன் அங்க கெடக்குது, நான் பாறைக்குப் பொறகால கெடக்கறேன், ஒருத்தரு நகுரல. மயில்சாமி மறுக்காக் கேட்டான், "மாமா, வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லுங்க, ஓடி வந்தர்றோம்"ன்னு. நான் எதுக்குங்க சொல்லோணும்? மனுசன் விழுந்து கெடக்கறது கண்ணுக்குத் தெரியல? சொன்னாத்தான் வருவாங்கன்னா அது என்ன வர்றது? அப்படியே சுட்டுத் தள்ளிட்டானுங்க என்னை. அப்புறம் எங்க கோட்டையும் போச்சு.

வளத்த கடா மார்ல பாயறதுன்னு சொல்லுவாங்க. அதையாச்சும் பொறுத்துக்கலாம். இதுக சும்மா நின்னு வேடிக்கை பாக்குதுங்க.

ஊட்ல போயிச் சொன்னா என்ர சம்சாரம் வசந்தாமணி தம்பிக்குத்தான் பரிஞ்சு பேசறா. "கேட்டிருந்தா வந்திருப்பாங்க"ங்கறா. அவளுக்கு இதே பேச்சு. போன வருசம் குளிக்கற ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன். இந்த முட்டி அன்னைக்குப் போனதுதான். விழுந்த சத்தம் கேக்காமயா இருக்கும்? அவ சமையல்கட்டுல மிக்சி ஓட்டிட்டிருக்கறா. நான் கூப்பிடல. வரட்டும்னு கெடந்தேன். மிக்சி நின்னுது, வரல. குக்கரு விசிலடிச்சுது, வரல. கடைசியில நானே செவுத்தைப் புடிச்சு எந்திரிச்சு வந்து நின்னா, "ஏனுங்க நொண்டறீங்க, கூப்பிட்டிருந்தா வந்திருக்க மாட்டனா"ன்னு சண்டைக்கு வர்றா. அன்னைக்குப் பூரா அவளோட பேசல. நான் யார்கிட்டயும் ஒண்ணு கேட்டது கெடையாதுங்க. அப்படியே வளந்துட்டேன். நல்லதுதான அது?

கருமத்தம்பட்டியா? இன்னும் நேரம் இருக்குது. தண்ணியக் குடிங்க, முழிக்கறீங்க.

தோத்த அடுத்த நாளு மயில்சாமி கேண்டீன்ல வந்து நிக்கறான். தலையைச் சொறிஞ்சுட்டு சொல்றான், "மாமா, இனிமே வீராயியை சரசக்கா எடுக்கட்டுமுங்க. நீங்க வேற ஏதாச்சும் எடுத்துக்குங்க"ன்னு. சரசு. ஓவர்லாக் சரசு. பொக்லைனைத் திருப்பத் தெரியாம செவுத்துல முட்டற சரசு. வாட்சப் குரூப்புல இருந்து வெளிய வந்துட்டேன். டீம்ல இருந்தும் வந்துட்டேன். ரெண்டு மாசமா மயில்சாமியோட பேச்சில்ல. ஒறம்பரை விசேசத்துல எதுக்க வந்தாக்கூட நான் செருப்பைப் பாத்துட்டுப் போயிருவேன். லைன்ல சரசுகிட்ட மட்டும் பேசுவேன், தையல் சரியில்லைன்னு.

தோத்தவங்களுக்கு இன்னொரு வாய்ப்புன்னு ஒண்ணு வச்சீங்க பாருங்க, அதுவும் உங்க கம்பெனி புத்திதான? என்ர எடத்துல அந்தப் பேக்கிங் பையனை உக்கார வச்சு, அதுல நொழஞ்சு இதுக மேல வந்துருச்சுங்க. நான் அதையெல்லாம் பாக்கலீங்க. போன்ல கண்ணுல பட்டுது. மூணு மேட்ச்சும் கண்ணுல பட்டுது.

ஆட்டமாங்க அது? சரசு விழுந்துட்டே இருக்குது. இப்ப எந்திரிச்சுது, இப்ப விழுந்துருச்சு. விழுந்த உடனே வெக்கமே இல்லாம, "ஐயோ வாங்களே, ஓடி வாங்களே, நான் விழுந்துட்டேன்"ன்னு ஊரைக் கூட்டுது. இவனுங்களும் ஓடறானுங்க. மயில்சாமி ஓடறான், ஜெயபாலு ஓடறான். வாயே தொறக்காத அயர்ன் மாஸ்டரு, "வந்துட்டேம்மா, வந்துட்டேம்மா"ன்னு கத்தறாரு. அவருக்கு அப்படி ஒரு கொரலு இருக்கறதே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். கை குடுத்துத் தூக்கி விடறானுங்க, அது போயி முட்டுது, மறுக்கா விழுகுது, மறுக்காத் தூக்கறானுங்க. செயிச்சுப்போட்டானுங்க. இதுக்குப் பேரு செயிக்கறதுங்களா? ஒரு ஆளு ஆடி நாலு ஆளு நிக்கறது ஆட்டம். அஞ்சு பேரும் குறுக்க நெடுக்க ஓடுனா அது சந்தை.

ஆடத் தெரியாதவ மேடை கோணல்ன்னாளாம். ஆடத் தெரியாத சரசுக்காக நீங்க மேடையவே கோணலாக்கிக் குடுத்துட்டீங்க.

சரி, நான் எதுக்கு பீளமேடு போறேன்னு கேக்கறீங்க. இன்னும் கேக்கலியா? கேப்பீங்க.

முந்தாநாளு ஜெயபாலு சம்சாரத்துக்கு வலி எடுத்து ஈரோட்டுல சேத்திருக்குது. அவன் அங்க போயிட்டான். பைனலுக்கு ஆளு கொறையுது. மொதல்ல பேரு குடுத்தவங்க மட்டுந்தான் ஆடலாம்னு உங்க ரூலு. பாத்தா என்ர பேரு இன்னும் அதுலயே இருக்குது. நான் வெளிய வந்து ரெண்டு மாசமாச்சு, எடுக்காமயே வச்சிருந்திருக்கறாங்க. சோம்பேறிப் பசங்க. கேப்டன்னு போட்டிருக்கற எடத்துல கூட மாத்தல.

மயில்சாமி போன் பண்ணுனான். "மாமா, ஒரு ஆளு கொறையுதுங்க. நீங்க வந்தாத்தான் ஆட முடியும். வர்றீங்களா?"ன்னான். கேட்டே போட்டான் பாருங்க. நானா இருந்தா நாக்கப் புடுங்கிக்குவேன். வீராயியை யாரு எடுக்கறதுன்னு கேட்டேன். "சரசக்காதான் மாமா. நீங்க ஜெயபாலு எடுக்கற ஆசாரியை எடுத்துக்குங்க"ங்கறான். ஆசாரின்னா நாங்க வச்ச பேரு. சுத்தியலைத் தூக்கிட்டுப் போயி பொக்லைனை ரிப்பேர் பண்றவன். மத்தவங்க கை குடுக்கறதை விட அவன் குடுத்தா சீக்கிரம் எந்திரிக்கும். நான் போயி சரசுக்கு ரிப்பேர்காரன். "ரோசிக்கறேன்"னு வச்சுட்டேன்.

இப்பவும் வர்றேன்னு சொல்லல. அவிங்க அங்க மண்டபத்து வாசல்லயே நின்னுட்டிருப்பாங்க, நான் வருவனா மாட்டனான்னு. நிக்கட்டும். நல்லா நிக்கட்டும். நிக்கறதுல அவங்களுக்குப் பழக்கம் இருக்குது.

உங்ககிட்ட மட்டும் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லீராதீங்க. போயி உக்காருவேன். ஆசாரியை எடுப்பேன். சரசு வழக்கம்போல விழும். "வாங்களே, ஓடி வாங்களே"ங்கும். நான் பக்கத்துலயே இருப்பேன், கூப்படற தூரத்துல. நகுர மாட்டேன். "உன்ர மெஷினைப் பாரு"ன்னு ஒரு வார்த்தை சொல்லுவேன். அத்தனை பேரு முன்னால, உங்க கம்பெனி பெரிய திரையில. அப்பத் தெரியும், விழுந்து கெடக்கறவனுக்கு வானம் எப்படி இருக்கும்னு. அதுக்காகத்தான் முட்டி வலியோட நின்னு பஸ் புடிச்சு வர்றேன்.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? பாவமா? எனக்கு யாரு பாவம் பாத்தா?

அதுல பாருங்க, நீங்க கம்பெனிக்காரரு, உங்களுக்கே தெரியுமோ என்னமோ. இந்த ஆசாரி கை குடுக்கறதுல ஒரு நெளிவு இருக்குது. ஜெயபாலு நேரா ஓடிப்போயி முன்னாலயே நிப்பான், குண்டு பூரா அவன்மேல விழும். பாதியில விட்டுட்டு ஓடி வந்துருவான். அப்படிப் போகக்கூடாதுங்க. மொதல்ல புகையைப் போட்டுப்போடோணும். அப்புறம் சுத்திட்டுப் போயி பொக்லைனுக்குப் பொறகால, கால் பக்கமாக் குந்தி நின்னுக்கோணும். வர்ற குண்டெல்லாம் மெஷின்ல பட்டுப்போயிரும், ஆசாரிமேல ஒண்ணுகூடப் படாது. நிம்மதியா எழுப்பலாம். ரெண்டு நாளா இதைத்தான் ஆடிப் பாத்தேன். மொதல்ல வரவே இல்ல. சோத்துக்குக்கூட எந்திரிக்கலைன்னு வசந்தாமணி திட்டறா. நேத்து சாயங்காலத்துக்கு மேல ஒருக்காக்கூடத் தப்பல.

கை குடுக்காம நிக்கப்போறவனுக்கு அது எதுக்குன்னுதான சிரிக்கறீங்க. சிரிங்க. ஒரு வேலையச் செய்யாம விடறதுன்னாலும் அதைச் செய்யத் தெரிஞ்சவனா இருந்து விடோணுமுங்க. தெரியாதவன் விட்டா அது தெரியாம விட்டது. உங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது.

சின்னியம்பாளையம் தாண்டிருச்சு. அடுத்தது எறங்கோணும். மூட்டையில ஒரு பக்கத்தைப் புடிச்சுக்கறேன், தள்ளுங்க. நீங்க ஒண்ணும் கேக்க வேண்டாம், எனக்கே தெரியுது. தூக்கிட்டு எறங்கறப்ப கீழ போட்டீங்கன்னா இருக்கற தையலும் போயிரும்.

அப்புறம் தம்பி.

அந்தப் பைக்குள்ள நீட்டிட்டிருக்கறது பவர் பேங்க்கு தானுங்க? ஊட்ல சார்ஜு போட மறந்துட்டேன். ஆடி ஆடிப் பாத்ததுல எறங்கிப்போச்சு. மண்டபம் வரைக்கும் சித்தெ குடுங்களேன். காதுல விழலியா? கேக்கறேன்ல. குடுங்க.

சரசு விழுகற நேரத்துல என்ர போன் அணஞ்சு போயிரக்கூடாதுங்க.